மனைத் தொழிலுக்கு வரும் தம்பிகளுக்கு

அஸர் தொழுது முடித்துப் பள்ளிவாசல் படியிறங்கும்போது அவர் எனக்காகக் காத்துக் கொண்டிருந்தார். எங்கள் மஹல்லாவின் மூத்த சபராளிகளில் ஒருவர். வாலிபம் முழுவதையும் மலேசியாவில் மளிகைக் கடையில் நின்றே கழித்தவர். அருகில் அவருடைய இளைய மகன். ஷார்ஜாவில் ஒன்பதாண்டுகள் ஒரு கிடங்கில் கணக்கு எழுதிக் கொண்டிருந்து, ஆட்குறைப்பில் வேலை போய் ஊர் திரும்பியவன்.

"பாய், தம்பிக்கு இனிமேல் சபர் வேண்டாம் என்று வீட்டில் முடிவு செய்துவிட்டோம். ரியல் எஸ்டேட் செய்கிறேன் என்கிறான். உங்களை நம்பித்தான் அழைத்து வந்திருக்கிறேன்" என்றார்.

"கையில் எவ்வளவு இருக்கிறது தம்பி?" என்று கேட்டேன்.

"பதினெட்டு லட்சம் மாமா. பைபாஸ் ஓரத்தில் இரண்டு மா நிலம் பேசி முடித்தாகிவிட்டது. நாளை முன்பணம் கொடுக்க வேண்டும். நீங்கள் கூட வந்தால் போதும்."

அந்தப் பதினெட்டு லட்சத்தில் பாதிதான் அவனுடைய சேமிப்பு. மீதி தாயாரின் நகையை விற்றதும், தங்கையின் நிக்காஹுக்கென்று தகப்பனார் ஒதுக்கி வைத்திருந்ததும் ஆகும். இதை அவன் சொல்லவில்லை. அவனுடைய அத்தா தலையைக் குனிந்துகொண்டே சொன்னார்.

நாளை முன்பணம் கொடுக்க வேண்டாம் என்று சொன்னேன். பையனுக்கு முகம் வாடிவிட்டது. அவனுக்கு அன்று அரைமணி நேரத்தில் சொல்ல முடியாதவற்றைப் பிறகு பல நாள்கள் இருத்திச் சொன்னேன். இவனைப் போல ஆண்டுக்கு நாலைந்து பிள்ளைகளாவது என்னைத் தேடி வருகின்றனர். வளைகுடாவிலிருந்து திரும்பும் நம் இளைஞர்களுக்குக் கடை வைப்பது அல்லது மனை விற்பது என்ற இரண்டைத் தவிர வேறு தொழில் கண்ணுக்குத் தெரிவதில்லை. கடை வைத்தால் நட்டம் மாதந்தோறும் கண்ணுக்குத் தெரியும். நிலத்தில் அப்படியில்லை. பல ஆண்டுகள் ஒன்றுமே தெரியாமல் இருந்துவிட்டு ஒரே நாளில் தெரியவரும். ஆகவே இந்த இதழின் பக்கங்களில் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

என் கை சுட்ட கதை

பிறருக்குப் புத்தி சொல்லும் முன் என் கதையைச் சொல்லிவிடுவதே முறை. 1998-ஆம் ஆண்டு, நானும் கூட்டாளி ஒருவரும் எங்கள் ஊருக்கு வடக்கே மூன்று மா நிலம் வாங்கினோம். தஞ்சைத் தரணியில் ஒரு குழி 144 சதுர அடி. நூறு குழி ஒரு மா. மூன்று மா என்பது கிட்டத்தட்ட ஓர் ஏக்கர். விற்றவர்கள் அண்ணன் தம்பிகள் மூவர். நம்மவர்கள்தாம். தகப்பனார் காலமாகிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன, தாயாரும் இல்லை. வில்லங்கச் சான்று எடுத்தோம், துப்புரவாக இருந்தது. பட்டா மூவர் பெயரிலும் இருந்தது. கிரயம் முடித்துப் பதினான்கு மனைகளாகப் பிரித்தோம். ஓட்டுநர், தையற்காரர், பள்ளி ஆசிரியை என்று சிறுகச் சிறுகச் சேர்த்தவர்கள் பன்னிரண்டு மனைகளை வாங்கினர்.

மூன்றாம் ஆண்டு ஈப்போவிலிருந்து ஓர் அம்மையார் வந்திறங்கினார். அந்த மூவருக்கும் அவர் சகோதரி. கல்யாணமாகி மலேசியா போனவரைச் சகோதரர்கள் கணக்கிலேயே சேர்க்கவில்லை. மூன்று மகன்கள், ஒரு மகள். மகனுக்கு இரண்டு பங்கு, மகளுக்கு ஒன்று. ஆக ஏழில் ஒரு பங்கு அவருடையது. முந்நூறு குழியில் ஏறத்தாழ நாற்பத்து மூன்று குழி. அவர் கையெழுத்தின்றி நாங்கள் வாங்கியதும் குறையுள்ளது. நாங்கள் விற்ற பன்னிரண்டு மனைகளும் குறையுள்ளவை.

வில்லங்கச் சான்றில் ஏன் இது வரவில்லை என்று பலரும் கேட்கின்றனர். பதிவான ஆவணங்களை மட்டுமே அச்சான்று காட்டும். ஒருவர் இறந்ததும் அவர் சொத்து வாரிசுகளுக்குப் போய்ச் சேர்வதற்கு எந்தப் பதிவும் தேவையில்லை. அந்த நொடியிலேயே ஒவ்வொரு வாரிசும் அவரவர் பங்குக்கு உரியவராகி விடுகின்றனர். பட்டாவில் பெயர் விடுபட்டதால் உரிமை விட்டுப்போவதில்லை.

ஜமாஅத் பெரியவர்கள் முன்னிலையில் அந்த அம்மையாரைச் சந்தித்தோம். வழக்குப் போட்டால் அவர் பக்கம் நியாயம் இருந்தது. எங்களிடம் மனை வாங்கியவர்கள் வாசலில் வந்து நின்றனர். அந்த ஆசிரியை ஒரு வார்த்தையும் பேசாமல் பத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது இன்றும் என் கண்ணில் நிற்கிறது. என் மனைவியின் நகைகளை விற்று, அன்றைய விலைக்கு அவர் பங்கின் தொகையைக் கொடுத்தேன். பன்னிரண்டு பேருக்கும் தம் பங்கை எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் அவர் விமானம் ஏறினார். சகோதரர்களிடமிருந்து எனக்கு ஒரு காசும் திரும்பவில்லை. குற்றம் அவர்களுடையது மட்டுமா என்றால், இல்லை. "உங்களுக்கு உடன்பிறந்த பெண்மக்கள் உண்டா?" என்ற ஒரு கேள்வியை நான் கேட்கவேயில்லை. கேட்டால் விலை பேசுவது தாமதமாகுமே என்ற அவசரம்.

அதே மனைகள் மறுபடியும் ஒருமுறை தொல்லை கொடுத்தன. அந்நாளில் சிற்றூர்களில் மனைப்பிரிவுக்கு நகர் ஊரமைப்புத் துறையின் அங்கீகாரம் கேட்பாரில்லை; ஊராட்சித் தலைவரின் முத்திரை போதும் என்றிருந்தோம். 1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டம் இருக்கத்தான் செய்தது. நாங்கள் அதைச் சட்டை செய்யவில்லை. 2016 செப்டம்பரில் அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. தமிழ்நாடெங்கும் மனை விற்பனை பல மாதங்கள் முடங்கியது. 2017-இல் வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20-க்கு முன் உண்டான மனைப்பிரிவுகளுக்கு அதில் வழி பிறந்தது. என்னிடம் வாங்கியவர்கள் வீடு கட்ட அனுமதி கேட்டபோது, "முதலில் மனையை வரன்முறை செய்து வாருங்கள்" என்றனர். விற்று இருபதாண்டு ஆன பின்பும் அவர்களோடு அலுவலகப் படியேறினேன். மனை விற்றவனுக்கு விற்பனை முடிவதேயில்லை என்று என் மனைவி அப்போது கேலி செய்தாள்.

தாளைப் படிக்கக் கற்பதே முதல்

ஷார்ஜாவிலிருந்து வந்த தம்பிக்கு நான் வைத்த முதல் நிபந்தனை, ஓராண்டுக்கு ஒரு சென்ட் நிலம்கூட வாங்கக் கூடாது என்பது. அதுவரை என்ன செய்வது? பத்திர எழுத்தர் ஒருவரிடம் போய் உட்காரச் சொன்னேன். பழைய பத்திரங்களின் நடை இன்றைய பிள்ளைகளுக்கு வேற்று மொழி போல் இருக்கிறது. நான்கு மால் எது, உட்பிரிவு எது, "இதற்குட்பட்ட" என்று எழுதிய இடத்தில் எதற்குட்பட்டது என்று தேடிப் பார்க்கும் பழக்கம் படித்துப் படித்துத்தான் வரும்.

தாய்ப்பத்திரத்திலிருந்து தொடங்கி இன்றைய உரிமையாளர் வரை சங்கிலி அறாமல் வர வேண்டும். நடுவில் ஒரு கண்ணி பாகப்பிரிவினையாகவோ வாரிசுரிமையாகவோ இருந்தால் அங்கே நின்று ஒவ்வொரு பெயராக எண்ண வேண்டும். வாரிசுச் சான்றை வாங்கிப் பார்ப்பதோடு நில்லாமல், அந்தத் தெருவில் நாலு வீட்டில் விசாரிக்கவும் வேண்டும். வாரிசுகளில் பதினெட்டு நிரம்பாத பிள்ளை இருந்தால் நீதிமன்ற அனுமதி பற்றி வழக்குரைஞரைக் கேட்காமல் ஓரடி எடுத்து வைக்கலாகாது.

பட்டா, சிட்டா, புலப்படம் ஆகியவற்றை இப்போது வீட்டிலிருந்தபடியே இணையத்தில் பார்க்க முடிகிறது. வில்லங்கமும் பல அலுவலகங்களில் 1975 முதலானது இணையத்தில் கிடைக்கிறது. இது பெரிய வசதி. ஆனால் பட்டா வருவாய்த் துறையின் பதிவு. உரிமையைத் தருவது பத்திரம் என்பதை மறந்துவிடக் கூடாது. 1980-களில் நடந்த யூ.டி.ஆர். நில அளவையில் பெயர் மாறியும் அளவு குறைந்தும் போன பட்டாக்கள் ஏராளம். பத்திரத்தில் 1 ஏக்கர் 10 சென்ட், பட்டாவில் 98 சென்ட் என்றால், தரையில் கிடப்பது எவ்வளவு என்பதை நில அளவரைக் கொண்டு கல் பார்த்துத்தான் சொல்ல முடியும். நில அளவரோடு வெயிலில் நாலு மாதம் சங்கிலி பிடித்த பையனை அதற்குப் பிறகு எந்தத் தரகராலும் எளிதில் ஏமாற்ற முடியாது.

நம் ஊர்களுக்கென்றே உள்ள ஒரு சிக்கலையும் சொல்ல வேண்டும். முஸ்லிம் தனியார் சட்டப்படி வாய்மொழியாகவே ஹிபா கொடுக்கலாம். கொடுப்பதாகச் சொல்லி, பெறுபவர் ஏற்று, கைவசமும் ஒப்படைத்தால் அது செல்லும். அந்த ஹிபாவைத் தாளில் எழுதி வைத்திருந்தாலும் பதிவு செய்ய வேண்டிய கட்டாயமில்லை என்று 2011-இல் உச்ச நீதிமன்றமும் கூறியிருக்கிறது. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் பெண்மக்களுக்கு வீடு கொடுப்பது தலைமுறை வழக்கம். ஆகவே பத்திரம் தகப்பன் பெயரில் இருக்கும். வீடு மகளுடையதாக இருக்கும். வில்லங்கச் சான்று வாய் திறக்காது. அந்த வீட்டில் யார் குடியிருக்கிறார், வரி யார் கட்டுகிறார் என்பதை நேரில் போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

வாங்கவே கூடாத நிலங்களும் உள்ளன. வக்பு நிலத்தை எவரும் விற்க முடியாது. 1995-ஆம் ஆண்டின் வக்பு சட்டத்துக்கு 2013-இல் வந்த திருத்தம் அத்தகைய விற்பனையைத் தொடக்கத்திலிருந்தே செல்லாததாக்கியது. "பள்ளிவாசல் நிலந்தானே, முத்தவல்லி நம்ம ஆள்" என்று சொல்லி வருபவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். கோயில் நிலம், நீர்நிலைப் புறம்போக்கு ஆகியவையும் அவ்வாறே. 1892 முதல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கென்று நிபந்தனையோடு அரசு வழங்கிய பஞ்சமி நிலங்கள் எத்தனை கை மாறியிருந்தாலும் அந்த நிபந்தனை போவதில்லை. ஏழையிடமிருந்து பிடுங்கியதை எத்தனையாவது ஆளாக வாங்கினாலும் அதில் கட்டிய வீட்டில் நிம்மதியாகத் தூங்க முடியாது. ஒரு சாண் நிலத்தை அநியாயமாக எடுத்தவனின் மறுமை நிலை பற்றிய நபிமொழியை நாம் அனைவரும் குத்பாவில் கேட்டவர்கள்தாம்.

நீர் வழியை மறித்த மனை வேறொரு வகையில் பழிவாங்கும். 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியதைக் கண்டோம். காவிரிப் படுகையில் வாய்க்காலைத் தூர்த்துச் சாலை போட்டால், மேலே உள்ளவன் வயலும் கீழே வாங்கியவன் வீடும் சேர்ந்தே மூழ்கும்.

ஐந்து ஏக்கரின் கணக்கு

"குழி ஐயாயிரத்துக்கு வாங்கிப் பத்தாயிரத்துக்கு விற்கலாம் மாமா" என்றான் அந்தத் தம்பி. தொழில் தெரியாதவர்கள் எல்லாரும் போடும் கணக்கு இது. தாளும் பேனாவும் எடுத்து வரச் சொன்னேன்.

ஐந்து ஏக்கர் என்று வைத்துக்கொள். 2,17,800 சதுர அடி. உட்சாலைகளுக்கு நூற்றுக்கு முப்பது போனால் 65,340 கழியும், மிச்சம் 1,52,460. மனைப்பிரிவின் பரப்பு 10,000 சதுர மீட்டரை, அதாவது ஏறத்தாழ 2 ஏக்கர் 47 சென்டைத் தாண்டினால், சாலை நீங்கலான பரப்பில் பத்தில் ஒரு பங்கைப் பூங்கா, திடல் போன்ற பொது இடத்துக்கு விட வேண்டும். அது 15,246. இந்த இடத்தையும் சாலைகளையும் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். விற்பதற்கு நிற்பது 1,37,214 சதுர அடி. நூறு அடி வாங்கினால் அறுபத்து மூன்று அடிதான் விற்கலாம்.

சதுர அடி நூறு ரூபாய்க்கு வாங்கினாய். 2023 ஏப்ரல் முதல் தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை நூற்றுக்கு 7, பதிவுக் கட்டணம் 2. ஆக உனக்கு அடக்கம் 109. அதை அறுபத்து மூன்று அடியின் மேல் ஏற்றினால் அடி 173 ரூபாய். இன்னும் ஒரு வண்டி மண் அடிக்கவில்லை. வடிகால், மின்கம்பம், சாலை, அங்கீகாரக் கட்டணம், நில வகைமாற்றம், தரகு, விளம்பரம் ஒன்றும் சேரவில்லை. நஞ்சை நிலமாயிருந்தால் மாவட்ட ஆட்சியரின் இசைவும் வேண்டும். அதற்கு எத்தனை மாதம் ஆகும் என்று யாராலும் உறுதி கூற இயலாது.

பணத்தை விடக் காலம்தான் இத்தொழிலில் பெரிய செலவு. இரண்டு ரூபாய் வட்டிக்குக் கடன் வாங்கி நிலம் வாங்கியவர்கள் என் கண்முன்னே பலர் உண்டு. மாதம் நூற்றுக்கு இரண்டு என்றால் ஆண்டுக்கு 24. மூன்றாண்டு இழுத்தால் 72. வட்டிக்கு வட்டி போடாமலே அந்த 173 ரூபாய் 298-ஐ நெருங்கிவிடும். பிறகு வட்டிக்காரனுக்குப் பயந்து, அங்கீகாரம் வருமுன்பே மனைகளை விற்கத் தொடங்குவர். ஒரே மனைக்கு இருவரிடம் முன்பணம் வாங்குவர். வட்டி ஹராம் என்பதை நம் பிள்ளைகளுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. அது மனிதனைப் பொய் சொல்ல வைக்கும் விதத்தை மட்டும் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன்.

கூட்டுப் பணம்

வட்டி வேண்டாம் என்றால் மூலதனத்துக்கு எங்கே போவது? கூட்டுத்தான். ஒருவர் பணம் போட, மற்றவர் உழைக்க, இலாபத்தை இன்ன விகிதத்தில் பிரிப்பது என்று முன்கூட்டிப் பேசிக்கொள்வது முளாரபா. நட்டம் வந்தால் பணம் போட்டவருக்குப் பணம் போயிற்று. உழைத்தவருக்கு உழைப்புப் போயிற்று. இருவரும் பணம் போட்டால் முஷாரகா. நட்டம் போட்ட பணத்தின் விகிதப்படி.

நம் தெருக்களில் நடப்பது பெரும்பாலும் வேறு. "லட்சத்துக்கு மாதம் மூவாயிரம் லாபம் தருகிறேன்" என்று தொகையை முன்னதாகவே குறித்துவிட்டு, விதவைகளிடமும் சபராளிகளின் மனைவிமாரிடமும் பணம் திரட்டுகின்றனர். நிலம் விற்றாலும் விற்காவிட்டாலும் மூவாயிரம் என்றால் அதற்கு இலாபம் என்று பெயர் வைத்துவிட்டதால் அது வட்டி ஆகாமல் போய்விடுமா? முதல் எட்டு மாதம் தவறாமல் வரும். பின்னால் போட்டவரின் பணத்தை எடுத்து முன்னால் போட்டவருக்குக் கொடுப்பதால் வரும். பொதுமக்களிடம் இவ்வாறு வைப்புத் திரட்டுவது 1997-ஆம் ஆண்டின் தமிழ்நாடு முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டத்திலும், 2019-இல் வந்த மத்திய சட்டத்திலும் சிறைக்குக் கொண்டுபோகும் செயல். தொடக்கத்தில் நல்ல எண்ணத்தோடு செய்தேன் என்பது அங்கே எடுபடாது.

கூட்டாளி உடன்பிறந்தவனாகவே இருந்தாலும் எழுதிக்கொள்ளுங்கள். கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கச் சொல்லும் வசனம் (2:282) திருமறையின் மிக நீண்ட வசனம். நாமோ, "நம்ம மச்சானிடம் போய் எழுத்து கேட்பதா?" என்று கூச்சப்படுகிறோம். எழுதாத கூட்டுகளால் பெருநாளில்கூட முகம் பாராத குடும்பங்கள் எங்கள் தெருவிலேயே மூன்று உண்டு.

வெளிநாட்டில் இருக்கும் சகோதரர்கள் இதையும் கவனிக்க வேண்டும். வெளிநாடு வாழ் இந்தியர் இங்கே வீடும் மனையும் வாங்கலாம். விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு ஆகியவற்றை வாங்க அந்நியச் செலாவணிச் சட்டம் இடந்தராது. வாரிசாக வருவதற்குத் தடையில்லை. இதைச் சுற்றிக்கொண்டு போக மைத்துனன் பெயரில் நஞ்சை வாங்கி வைக்கின்றனர். 2016 நவம்பர் முதல் கடுமையாக்கப்பட்ட பினாமிச் சட்டப்படி அச்சொத்தை அரசு எடுத்துக்கொள்ளலாம். மனைவி, பிள்ளைகள் பெயரில் கணக்குள்ள பணத்தில் வாங்குவதற்கே விலக்கு. சட்டத்தை விடுங்கள், மைத்துனன் மனம் மாறினால் என்ன செய்வீர்கள்? அவன் மௌத்தாகிவிட்டால் அவன் வாரிசுகள் யார்?

ரொக்கமும் அப்படியே. நில விற்பனையில் இருபதாயிரம் ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்கக் கூடாது என்பது 2015 முதல் வருமான வரிச் சட்டத்தின் விதியாகி வந்தது. பத்திரத்தில் வழிகாட்டி மதிப்பை மட்டும் எழுதி மீதியை மஞ்சள் பையில் கொடுக்கும் வழக்கத்தில் ஏமாறுபவர் வாங்குபவரே. நாளை கிரயம் செல்லாது போனால் பையில் கொடுத்ததற்கு எந்தச் சாட்சியும் இருக்காது.

எங்கிருந்து தொடங்குவது

பணமில்லாமலே தொடங்கக் கூடியது தரகு. அதை இழிவாக நினைக்கும் எண்ணம் நம் வீடுகளில் இருக்கிறது. பெண் கொடுக்கக் கூடத் தயங்குகின்றனர். விற்பவருக்கும் வாங்குபவருக்கும் உண்மையைச் சொல்லும் தரகர் ஊருக்கு ஓர் அருட்கொடை. 2016-ஆம் ஆண்டின் கட்டட மனை விற்பனை ஒழுங்குமுறைச் சட்டம், பதிவு பெற வேண்டிய திட்டங்களில் தரகு செய்வோரும் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்கிறது. அந்தப் பதிவு எண்ணை வாங்கி அட்டையில் அச்சடித்துக்கொண்ட நாளிலிருந்து எங்கள் ஊர் இளைஞர் ஒருவருக்குச் சம்பந்தமும் கூடி வந்தது.

அதே சட்டம் மனைப்பிரிவு செய்வோரையும் கட்டடம் கட்டுவோரையும் கட்டுப்படுத்துகிறது. 500 சதுர மீட்டரையோ எட்டு வீடுகளையோ தாண்டாத சிறு வேலைகளுக்கு விலக்கு. அதற்கு மேல் போனால் பதிவு பெறாமல் விளம்பரமே செய்யலாகாது; மீறினால் திட்டச் செலவில் பத்து விழுக்காடு வரை தண்டம். ஒப்பந்தம் பதிவாகுமுன் விலையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது. வாங்குவோர் தரும் பணத்தில் எழுபது விழுக்காட்டைத் தனிக் கணக்கில் வைத்து அந்தத் திட்டத்துக்கே செலவிட வேண்டும். ஒப்படைத்து ஐந்தாண்டுக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால் கட்டியவரே தம் செலவில் சரிசெய்து தர வேண்டும். பலர் இதைத் தொல்லை என்கின்றனர். 1998-இல் இச்சட்டம் இருந்திருந்தால் என் பதினான்கு மனைகளுக்கு விளம்பரப் பலகை வைப்பதற்கு முன்பே யாராவது அந்தச் சகோதரியைப் பற்றிக் கேட்டிருப்பார்களோ என்று நான் நினைப்பதுண்டு.

அடுத்த படி, ஒரே ஒரு வீட்டைக் கட்டி விற்பது. கொத்தனாரையும் கம்பி கட்டுபவரையும் வைத்து ஒரு வீட்டை எழுப்பிப் பார்த்தவனுக்குச் செலவின் உருவம் புரியும். நிலம் வாங்க முதலில்லாதவர்கள் நில உரிமையாளரோடு கூட்டு ஒப்பந்தம் செய்வதுண்டு. 2018-இல் தமிழ்நாட்டில் தளப்பரப்புக் குறியீடு ஒன்றரையிலிருந்து இரண்டாக உயர்ந்தது. ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி நிலத்தில் 4,800 சதுர அடி கட்டலாம். 800 அடியில் ஆறு வீடுகள். ஒவ்வொன்றுக்கும் 400 அடி பிரிபடாத நிலம். உரிமையாளருக்கு மூன்று, கட்டியவருக்கு மூன்று. கேட்க இனிமையாக இருக்கும். ஆனால் ஆறு வீட்டுக்கான செலவும் கட்டுபவர் தலையில். விற்க அவரிடம் இருப்பதோ மூன்று. சிமெண்டும் கம்பியும் நடுவில் விலையேறினால் அவருக்கு மிஞ்சுவது கடன்தான். செலவைக் குறைக்கக் கம்பியில் கை வைக்கத் தோன்றும். 2014 ஜூன் 28 அன்று சென்னைக்கு அருகே மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த பதினொரு மாடிக் கட்டடம் சரிந்து 61 உயிர்கள் போயின. பொறியாளரின் கையெழுத்தையும் மண் பரிசோதனையையும் வெறும் தாளாக நினைப்பவர் இத்தொழிலுக்கு வர வேண்டாம்.

விற்பதற்காக வாங்கி வைத்த நிலம் வியாபாரப் பொருள் என்பதால் அதன் சந்தை மதிப்பில் ஆண்டுதோறும் இரண்டரை விழுக்காடு ஸகாத் கடமை என்பது பெரும்பான்மை அறிஞர்களின் கருத்து. நிலம் இருக்கும், கையில் ரொக்கம் இராது. இதற்கு என்ன செய்வது என்பதை உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள். ரமழான் பிறந்த பிறகு கேட்காமல் நிலம் வாங்கும்போதே கேட்டுக் கணக்கில் சேர்த்துவிடுவது நல்லது.

ஷார்ஜாவிலிருந்து வந்த தம்பிக்கு இப்போது எட்டாவது மாதம். தங்கையின் நிக்காஹ் அந்தப் பணத்திலேயே சென்ற மாதம் நல்லபடியாக நடந்தது, அல்ஹம்துலில்லாஹ். காலையில் பத்திர எழுத்தரிடமும் மாலையில் கட்டுமான மேற்பார்வையிலும் இருக்கிறான். கிடைப்பது ஷார்ஜாச் சம்பளத்தில் மூன்றிலொரு பங்குகூட இல்லை என்று அவன் தாயாருக்கு வருத்தம். முன்பணம் கொடுக்கவிருந்த அந்த இரண்டு மா நிலம் இன்னும் விற்கவில்லை. உரிமையாளர் விலையைக் குறைத்துக்கொண்டு மறுபடியும் ஆள் அனுப்பியிருக்கிறார். சென்ற வாரம் அதன் பத்திரங்களை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தான். 1962-ஆம் ஆண்டுப் பத்திரத்தில் மேற்கு மால் "பாசன வாய்க்கால்" என்றிருக்கிறது. 1994-இல் எழுதியதில் அதே மால் "பாதை" என்றிருக்கிறது.

"நடுவில் வாய்க்கால் எங்கே போயிற்று மாமா?" என்றான்.

எனக்கும் தெரியவில்லை. 'அ' பதிவேட்டையும் கிராம வரைபடத்தையும் பார்க்கக் கிராம நிர்வாக அலுவலரைத் தேடிப் போயிருக்கிறான்.